கடைப்பெயர்ப் பெட்டி: லூமுட் வட்டார மேற்கோளியலுக்கு ஒரு முன்னுரை

மேற்கோளியல் என்பது, ஆய்வுக்கட்டுரையில் எடுத்தாளப்பட்ட ஒரு கருத்து யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்ட எழுதப்படும் குறிப்புகளில் காற்புள்ளி எங்கே நிற்க வேண்டும், முற்றுப்புள்ளி எங்கே நிற்கக் கூடாது, எந்தச் சொல் சாய வேண்டும், எது நிமிர்ந்திருக்க வேண்டும் என்பனவற்றை ஆராயும் துறை எனச் சுருக்கமாக வரையறுக்கலாம். அந்தக் கருத்து சரியா தவறா என்பது இத்துறையின் எல்லைக்குள் வராது. அதற்கு வேறு துறைகள் உள்ளன, அவற்றுக்குப் போதிய நேரமும் உள்ளது. மேற்கோளியலின் அடிப்படை அலகு பதிவு எனப்படும். அதாவது, கட்டுரையின் முடிவில் துணைநூற்பட்டியலில் ஒரு நூலுக்கோ கட்டுரைக்கோ ஒதுக்கப்படும் இரண்டு மூன்று வரிகள். ஒரு பதிவுக்கு ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, வெளியீட்டு விவரம் என நான்கு உறுப்புகள் உண்டு. அதன் முதல் வரி ஓரத்தில் தொடங்க, அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இதற்குத் தொங்கல் உள்தள்ளல் என்று பெயர். ஆய்விதழுக்குக் கைப்பிரதி அனுப்பக் கெடு முடியும் இரவில், பன்னிரண்டு மணிக்கு மேல், ஆய்வாளர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையில் அளந்து பார்ப்பது பெரும்பாலும் இந்த அரை அங்குலத்தைத்தான்.

இத்துறையை ஆராய லூமுட் என்ற ஊரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் கேட்கப்படலாம். பேரா மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், டிண்டிங் ஆறு கடலோடு சேரும் இடத்தில் உள்ள இந்தச் சிறு துறைமுக ஊர், பங்கோர் தீவுக்குப் படகு ஏறுமிடமாகவும், அரச மலேசியக் கடற்படையின் தளமாகவும், நெத்திலி வாங்குமிடமாகவும் அறியப்பட்டதே தவிர, காற்புள்ளிக்குப் பெயர் பெற்றதன்று. எனினும் லூமுட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பாசி என்று பொருள். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இட்டு வரிக்கு நடுவிலேயே மேற்கோள் காட்டும் முறையைத் தொடங்கிவைத்தவர் எனக் கருதப்படும் ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், 1881இல் அதைச் செய்தது ஓடில்லா நத்தையின் முட்டை வளர்ச்சியைப் பற்றிய கட்டுரையில். ஓடில்லா நத்தை ஈரத்தையும் பாசியையும் நாடுவது. நத்தையிலிருந்து பாசிக்கும், பாசியிலிருந்து லூமுட்டுக்கும் போகும் இந்த வழி சற்று வழுக்கலானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இதைவிட மெல்லிய இழையில் தொங்கும் முனைவர்ப் பட்டங்கள் உண்டு.

வலுவான சான்று வேண்டுவோர் லூமுட் துறையில் படகேறிப் பங்கோருக்குச் செல்லலாம். அங்கே தெலுக் கெடுங் பகுதியில், டச்சுக்காரர்கள் 1670இல் எழுப்பிய கோட்டையின் இடிபாடுகளுக்கு அருகில், பாத்து பெர்சூராட், அதாவது எழுத்துப் பாறை, என்று வழங்கும் பெரிய பாறை ஒன்று உண்டு. குழந்தையைப் புலி கவ்விச் செல்வதாகச் சொல்லப்படும் ஓர் உருவமும், டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரை எழுத்துகளும், பெயர்போலத் தோன்றுவதால் ஆளுக்கொரு விதமாக வாசிக்கப்படும் சில எழுத்துகளும், 1743 என்ற ஆண்டும் அதில் வெட்டப்பட்டுள்ளன. பெயர், அதை ஒட்டி ஆண்டு, அதை ஒட்டி நிறுவனம் என்று அமைந்த இது மேற்கோளியல் நோக்கில் ஒரு முழுமையான பதிவுதான். பக்க எண் மட்டும் விடுபட்டுள்ளது, பாறைக்குப் பக்கம் ஒன்றே என்பதால் அதுவும் குற்றமாகாது. ஆகவே, ஆசிரியர்-ஆண்டு முறை ஹார்வர்டுக்கு 138 ஆண்டுகள் முன்பே லூமுட்டுக்கு எதிர்க்கரையில் வழக்கிலிருந்தது என்று இக்கட்டுரை துணிகிறது. ஆசிரியர் பெயரை எப்படி வாசிப்பது என்ற சிக்கலும் அன்றே தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. பின்னால் வரப்போவது பெரும்பாலும் அந்தச் சிக்கல்தான்.

தமிழ் மரபுக்கு மேற்கோள் புதிதன்று, பதிவுதான் புதிது. பழைய இலக்கண ஆசிரியர்கள் தமக்கு முன்னோர் சொன்னதைச் சொல்லும்போது 'என்ப' என்ற ஒரே சொல்லில் முன்னோர் அனைவரையும் அடக்கிவிட்டனர். அதற்கு 'என்று சொல்வார்கள்' என்பது பொருள். யார், எப்போது, எத்தனையாம் பக்கத்தில் என்ற வினாக்கள் எழவில்லை. உரையாசிரியர்கள் பாடல் வரிகளைத் தாராளமாக எடுத்துக் காட்டினர். ஆனால் வாசிப்பவருக்கு மூலம் முழுவதும் மனப்பாடம் என்று நம்பியதால், அவ்வரி எந்த நூலில் உள்ளது என்று பல இடங்களில் சொல்லாமலே விட்டனர். இந்த நம்பிக்கையின் விலையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனியொருவராகக் கொடுத்தவர் உ.வே.சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த அவர், உரையிலே கிடந்த ஊர்பேர் அறியாத மேற்கோள்களுக்கு உரிய மூலத்தைத் தேடி ஏடு ஏடாக அலைய வேண்டியிருந்தது. இன்றைய முதுகலை மாணவர் இரண்டு மணி நேரத்தில் மென்பொருளால் செய்து முடிக்கும் வேலை அவருடைய காலத்தில் ஒரு வாழ்நாளாக இருந்தது. மென்பொருள் செய்ததைத் திருத்துவதற்கு ஆகும் காலம் இக்கணக்கில் சேராது.

இன்று பதிவுகளுக்கு விதி வகுப்பவை நடைக்கையேடுகள் எனப்படும். அவற்றுள் கல்வியியல், சமூகவியல் துறைகளில் செல்வாக்கு மிக்கது அமெரிக்க உளவியல் கழகத்தின் கையேடு. மலேசிய மாணவர்கள் அதை ஏபிஏ என்று சுருக்கி, மாமியாரைச் சொல்வதுபோல, மரியாதையும் எரிச்சலும் கலந்த குரலில் குறிப்பிடுவர். 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகப் பிறந்த இது, 2019 அக்டோபரில் ஏழாம் பதிப்பாக வந்தபோது நானூறு பக்கங்களைத் தாண்டிவிட்டது. 1906இல் தோன்றிய சிகாகோ கையேடும், மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் கனடாவின் வன்கூவர் நகரில் கூடி வகுத்த எண்முறையும் தனிக் குலங்கள். ஒன்றுக்குள் ஒன்று கொள்வினை கொடுப்பினை கிடையாது. ஒரே கட்டுரையை இதழ் மாற்றி அனுப்பும்போது அதன் காற்புள்ளிகள் அத்தனையும் இடம்பெயர வேண்டியிருப்பது இதனாலேயே.

பதிவின் நான்கு உறுப்புகளையும் தலைகீழ் வரிசையில், இறுதியிலிருந்து ஆராய்வது நலம். பெயர் என்பது முதலில் தொட்டால் மற்ற மூன்றுக்கும் இடம் விடாத உறுப்பு.

வெளியீட்டு விவரத்தில் பதிப்பிடம், அதாவது நூல் வெளியான ஊர், நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. லூமுட்டைப் பொறுத்தவரை இது எளிய காரியமன்று. 1874 ஜனவரி 20இல் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கைக்குப் பின், டிண்டிங்ஸ் என்ற பெயரில் இவ்வட்டாரம் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்தது. அருகே பேராவின் மற்ற பகுதிகள் சுல்தானின் ஆட்சிப்பரப்பாகத் தொடர்ந்தன. 1935இல் அது பேராவுக்குத் திரும்பியது. அதன்பின் ஜப்பானியர், மலாயன் யூனியன், மலாயாக் கூட்டரசு, 1957இல் விடுதலை, 1963இல் மலேசியா என்று மேலுறை மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஆக, லூமுட்டில் வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்காமல் இருந்த ஒருவர் ஏழு விதமான பதிப்பிடங்களில் வாழ்ந்தவராகிறார். ஊர்ப்பெயரைத் தமிழில் லூமுட் என்பதா லுமுட் என்பதா, மாநிலம் பேராவா பேராக்கா, தலைநகர் ஈப்போவா இப்போவா என்பதும் தீராத வழக்கு. இதையெல்லாம் ஒருவாறு தீர்த்துத் தங்கள் பட்டியலை ஆய்வாளர்கள் சீராக்கிய நேரத்தில்தான், ஏபிஏ ஏழாம் பதிப்பு பதிப்பிடமே வேண்டியதில்லை என்று அறிவித்தது. 2024இல் சிகாகோவும் பின்தொடர்ந்தது. லூமுட் இரண்டாம் முறையாக ஆவணங்களிலிருந்து விட்டுக்கொடுக்கப்பட்டது எனலாம். இம்முறை உடன்படிக்கைகூட இல்லை.

தலைப்பு சாய்வெழுத்தில் வர வேண்டும் என்பது அடுத்த விதி. உரோமன் எழுத்துக்குச் சாய்வு என்பது தனி எழுத்துருவாக வளர்ந்த மரபு. தமிழ் எழுத்துக்கு அப்படியொரு மரபு இல்லை, கணினி அதைப் பிடித்துத் தள்ளுவதால் சாய்கிறது. 'ழ'வும் 'ண'வும் லூமுட்டை அடுத்த தெலுக் பாத்திக் கடற்கரைத் தென்னைகள்போல வலப்பக்கம் சரிந்து நிற்பதைக் கண்ட தமிழ் ஆய்வாளர்கள் இரக்கப்பட்டுத் தடித்த எழுத்துக்கோ மேற்கோள் குறிக்கோ மாறிவிடுவதுண்டு. இங்கே ஒரு வட்டார ஒப்பீடு பயனுடையது. பால்மரம் வெட்டுவோர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்போர், மரத்தில் இடும் கோடு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சுமார் 30 பாகை சரிந்து இறங்கும். பட்டைக்குள் பால் நாளங்கள் எதிர்த்திசையில் சற்றே சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால் அதிக நாளங்கள் அறுபட்டு மங்கில் பால் கூடுதலாக விழும். மரத்தோடு கட்டிய கிண்ணத்துக்குத்தான் மங்கு என்று பெயர். ஒரு சாய்வுக்கு இவ்வளவு திட்டமான காரணம் தோட்டத்தில் உண்டு. நூல் தலைப்பு ஏன் சாய வேண்டும் என்பதற்குக் கையேடு தரும் காரணம், சாய வேண்டும் என்பதே.

ஆண்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய தமிழ் நூல்களின் முகப்பில் ஆண்டு எண்ணாக இல்லாமல் பிரபவ, விபவ என்று அறுபதாண்டுச் சுழற்சியில் இருக்கும். பிரபவ என்றால் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். திருவள்ளுவர் ஆண்டு இட்ட நூல்கள் வேறு வகைத் தொல்லை: நடைமுறை ஆண்டோடு 31ஐக் கூட்டுவது அதன் கணக்கு என்பதால் 2018இல் அச்சான நூல் 2049 என்று பதிவாகி, இன்னும் எழுதப்படாத ஒன்றை ஆய்வாளர் முன்கூட்டியே படித்துவிட்ட தோற்றத்தைத் தரும். மதிப்பீட்டாளர்கள் இதை வியந்து பாராட்டுவதில்லை.

இனிப் பெயர். ஏபிஏ முதலான முறைகளில் ஆசிரியர் பெயர் கடைப்பெயர், காற்புள்ளி, முன்னெழுத்து என்ற வரிசையில் அமைய வேண்டும். கடைப்பெயர் என்பது ஐரோப்பியக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் குடும்பப் பெயர். இதழ்களின் இணையப் படிவங்கள் இதற்கென ஒரு பெட்டியை வைத்து, அதன் தலையில் சிவப்பு நட்சத்திரம் ஒன்றையும் இட்டிருக்கும். நட்சத்திரம் உள்ள பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. தமிழர்களுக்குக் கடைப்பெயர் இல்லை. சாதிப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறியது தமிழ்ச் சமூகம் பெருமையோடு செய்த காரியங்களில் ஒன்று. அந்தப் பெருமைக்குப் படிவத்தில் பெட்டி இல்லை.

தமிழ்நாட்டில் தந்தை பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கிப் பெயருக்கு முன்னே நிற்கிறது. இதைக் கொண்டு மு.வரதராசன் என்பதை 'வரதராசன், மு.' என்று திருப்பிப்போடுவதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. இயற்பெயர் கடைப்பெயர் வேடம் போட்டுக்கொள்கிறது, அவ்வளவே. இந்திய நூலகவியலின் தந்தையாகப் போற்றப்படுபவரும், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவருமான சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், 1934இல் வெளியிட்ட தம் நூற்பட்டி விதிகளில் இந்தியப் பெயர்களை எங்கே வெட்டுவது என்று பொறுமையாக ஆராய்ந்தார். தம் பெயரைப் பட்டியலில் ரங்கநாதன் என்று முதலிலும், ஊரும் தந்தையுமான எழுத்துகளைப் பின்னால் பிறைக்குறிக்குள்ளும் இட்டார். ஆனால் தமிழர் மதிப்பு இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ஒருவர் மேல் மதிப்பு ஏற ஏற அவருடைய பெயரும் முன்னெழுத்தாகக் கரைந்து மு.வ., தெ.பொ.மீ., வ.உ.சி., உ.வே.சா. என்றாகி, திருப்பிப்போடப் பெயரே மிஞ்சாத நிலை வருகிறது. உலகில் வேறு மொழியினர் பெரியவர்களுக்குப் பட்டத்தைக் கூட்டுவர். தமிழர் எழுத்தைக் குறைப்பர்.

மலேசியாவில் நிலைமை வேறு. இங்கே முன்னெழுத்து வழக்கம் ஆவணங்களில் இல்லை. பிறப்புப் பத்திரத்திலும் ஐ.சி. எனப்படும் அடையாள அட்டையிலும் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி என்ற குறி நிற்கும். முன்னது அனாக் லெலாக்கி, மகன். பின்னது அனாக் பெரெம்புவான், மகள். தமிழ்நாட்டுப் பத்திரங்களில் வரும் 'த/பெ' என்பதன் மலாய்ச் சகோதரர் என்று இதைச் சொல்லலாம், வேறுபாடு ஒன்றே: த/பெ பத்திரத்தோடு நின்றுவிடும், ஏ/எல் ஆளோடு ஆயுள் முழுவதும் வரும். ஏ/பி மணமான பின்னும் மாறாது. கணவர் பெயர் அதில் ஏறுவதில்லை.

இப்போது, லூமுட்டை அடுத்த சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்தில் முன்பு பால்மரக் காடாக இருந்து இன்று செம்பனையாகிவிட்ட தோட்டம் ஒன்றில் பிறந்த உடன்பிறப்புகள் இருவரை எடுத்துக்காட்டாகக் கற்பித்துக்கொள்ளலாம். மகள் காளியம்மாள் ஏ/பி முனியாண்டி; மகன் குமரன் ஏ/எல் முனியாண்டி. இருவரும் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, ஒருவர் 1956இல் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை வரையிலும், மற்றவர் 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் வரையிலும் சென்று, ஆய்வுக்கட்டுரைகளும் எழுதினர் என்று கொள்க. மேற்கோள் மென்பொருள் ஏ/பி என்பதை ஏதோ தூசி எனக் கருதித் துடைத்துவிட்டு, கடைசிச் சொல்லைக் கடைப்பெயராக எடுத்துக்கொள்ளும். பதிவு 'முனியாண்டி, கே.' என்றாகும். அதாவது, கட்டுரையை எழுதியவர் ஒரு முன்னெழுத்தாக ஓரத்தில் ஒடுங்க, விடியற்காலையில் தலைவிளக்கோடு நிரைக்குப் போய், உளியால் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டு வந்த அவருடைய தகப்பனார் உலக ஆய்வு இலக்கியத்தில் ஆசிரியராக அமர்கிறார். 'முனியாண்டி சுட்டுவதுபோல', 'முனியாண்டியின் கோட்பாட்டுச் சட்டகத்தை மறுத்து' என்றெல்லாம் பிற நாட்டு அறிஞர்கள் எழுதுவர். ஆங்கிலத்தில் அவரை ஆண்பாலில் குறிப்பிடும் தொல்லையும் காளியம்மாளுக்கு உண்டு. தமிழின் 'அவர்' மட்டும் இவ்விடத்தில் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

தோட்டத்தில் இப்படி நேர்ந்திருக்க வழியில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில், அதாவது தொழிலாளர் வரிசையில் கூடுமிடத்தில், தோட்டக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டை விரித்துப் பெயர்களைக் கூப்பிடுவார். காளியம்மா என்று கூப்பிட்டால் வந்து நிற்பவர் காளியம்மாவே. அவருடைய அப்பா வந்து நிற்பதில்லை, வந்தால் இருவருக்கும் அன்றைய பேர் விழாது. ஆளை அடையாளம் காட்டும் திறத்தில் கிராணியின் செக்ரோல் நானூறு பக்கக் கையேட்டைவிட மேம்பட்டது என்பது இக்கட்டுரையின் உறுதியான முடிவு. கிராணி செய்த பிழை எழுத்துக்கூட்டலில் மட்டும்: அவர் காதில் விழுந்தபடி லட்சுமி லெட்சுமியாகி, ஆங்கிலத்தில் அதற்கும் ஓர் உருவம் பிறந்து, பேத்தியின் முனைவர்ப் பட்டம் வரைக்கும் அச்சுப் பிசகாமல் வந்துவிட்டது. திருத்தினால் ஐ.சி.யோடு ஒத்துப்போகாது, ஆகவே அந்தப் பிழைதான் சரி.

தகப்பனாருக்குக் கிடைக்கும் புகழைத் துல்லியமாக அளக்கவும் முடியும். எச் குறியீடு என்பது இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவை. ஒருவருடைய கட்டுரைகளில் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளனவோ அந்த எண்ணே அவருடைய குறியீடு. பதவி உயர்வு இதைப் பார்த்துத்தான் வரும் அல்லது வராது. காளியம்மாளின் நான்கு கட்டுரைகள் முறையே 9, 6, 4, 3 தடவை மேற்கோளாயின என்று கொண்டால் அவருடைய குறியீடு 3. குமரனின் மூன்று கட்டுரைகள் 8, 5, 5 தடவை என்றால் அவருக்கும் 3. தரவுத்தளமோ இருவரையும் 'முனியாண்டி, கே.' என்ற ஒரே ஆளாக எண்ணி, 9, 8, 6, 5, 5, 4, 3 என ஏழு கட்டுரைகளையும் ஒரே நிரையில் நிறுத்தும். முதல் ஐந்தும் ஐந்துக்குக் குறையாதவை. ஆகவே முனியாண்டியின் குறியீடு 5. பிள்ளைகள் இருவரும் மூன்றில் நிற்க, ஒரு வரிகூட எழுதாத தந்தை ஐந்தில் நிற்கிறார். இணைப்பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பித்தால் கிடைக்க வாய்ப்புண்டு. தங்கை கட்டுரையை அண்ணன் மேற்கோள் காட்டினால் அது தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்ட குற்றமாகப் பதிவாகும் என்பதும், இருவரும் ஒரே ஆண்டில் எழுதினால் 2018அ, 2018ஆ என்று, ஒரே லயத்தின், அதாவது தோட்டத்து வீட்டுவரிசையின், இரு காம்பராக்கள்போல, பிரித்துக் காட்ட வேண்டும் என்பதும் கிளைச் சிக்கல்கள்.

இந்தக் குழப்பத்தில் பாதி உரோமன் எழுத்தின் வறுமையால் விளைந்தது. காளியம்மாளின் தமிழ் முன்னெழுத்து 'கா.', குமரனுடையது 'கு.', ஒருவரை மற்றவராகக் கொள்ள வழியே இல்லை. இருபத்தாறே எழுத்துகளை வைத்துக்கொண்டு உலகத்தார் அனைவரையும் சுருக்க முனைந்த முறையில் இருவரும் 'கே.' ஆகின்றனர். தமிழில் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் நூற்றைத் தாண்டும் என்பதால், முன்னெழுத்தை மட்டும் வைத்தே ஊரை நிர்வகிக்கக்கூடிய மொழி இது. ஆனால் பன்னாட்டுத் தரவுத்தளங்கள் தமிழ்ப் பதிவுகளையும் உரோமன் எழுத்தில் பெயர்த்துத் தரச் சொல்கின்றன. அப்படிப் பெயர்க்கும்போது 'ழ' ஒருவரிடம் ஒரு வேடமும் இன்னொருவரிடம் வேறு வேடமும் பூணும். ஒரே நூல் பட்டியலில் மூன்று இடங்களில் நின்று, மூன்று பேர் எழுதியதாகத் தோன்றும். தமிழிலேயே இருந்தாலும் அகரவரிசையில் ஆபத்து உண்டு: கணினியின் குறியீட்டு எண் வரிசையில் 'ன'கரம் 'ந'கரத்தை ஒட்டியும், 'வ'கரம் 'ழ'கரத்துக்குப் பின்னும் நிற்பதால், இலக்கணம் படித்தவர் பிழை என்பதும் கணினி சரி என்பதும் ஒரே வரியாக இருக்கும்.

பெரியவர்களும் இதற்குத் தப்பவில்லை. தமிழாய்வை உலகத் துறையாக்கியவர்களுள் முதன்மையானவரான தனிநாயகம் அடிகள், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அங்கே நடத்தினார். அதே ஆண்டு தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலையும் ஆங்கிலத்தில் தொகுத்து, அப்பல்கலைக்கழகத்தின் வழி வெளியிட்டார். பட்டியல் போட்டவரின் பெயரே பட்டியல்களில் படும் பாடு கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அவர் தம் பெயரைத் தனி, நாயகம் என இரு சொல்லாகப் பிரித்து எழுதியதால், சில இடங்களில் தனிநாயகமாகவும், சில இடங்களில் நாயகமாகவும், சில இடங்களில் சேவியராகவும் நிற்கிறார். தமிழில் தனிநாயகம் என்ற பெயரைச் சூடிக்கொண்டவரை நாயகம் மட்டும் எனப் பதிவுசெய்து, தனிமையை ஒரு முன்னெழுத்துக்குள் ஒதுக்கியது மென்பொருளாக இருந்தாலும் அதில் ஒரு ரசனைக்குறைவு இருக்கிறது.

பேராவிலும் உள்ள இன்னொரு தொல்லை டத்தோ, டத்தோ ஸ்ரீ முதலிய பட்டங்கள். பதிவில் பட்டங்கள் வரக் கூடாது என்பது விதி. அரண்மனையில் வாங்கியதை ஒரு காற்புள்ளிக்கு முன் கழற்றி வைப்பது என்பது எவருக்கும் எளிதன்று. கழற்றாமல் விட்டால் மென்பொருள் டத்தோவை இயற்பெயராகக் கொண்டுவிடும். அப்போது மாநிலத்தின் டத்தோக்கள் அனைவரும் 'டி.' என்ற ஒரே முன்னெழுத்தில் சரிநிகர் சமானமாகின்றனர்.

கடைப்பெயர்ப் பெட்டியின் தருக்கத்தை விடாமல் பின்தொடர்ந்தால் மேலும் ஒன்று விளங்கும். முனியாண்டிக்கும் ஐ.சி. உண்டு, அதில் அவர் முனியாண்டி ஏ/எல் ராமன். அவர் ஒரு கட்டுரை எழுதியிருந்தால், தம் பிள்ளைகளிடமிருந்து பெற்ற புகழைத் தாம் வைத்துக்கொள்ள முடியாமல், 'ராமன், எம்.' என்று தம் தகப்பனாருக்குக் கொடுத்திருப்பார். ராமன் எழுதியிருந்தால் அது அவருடைய தந்தைக்குப் போயிருக்கும். இவ்வாறு ஒவ்வொரு தலைமுறையின் உழைப்பும் முந்தைய தலைமுறையின் கணக்கில் வரவாகிக்கொண்டே பின்னோக்கிப் போய், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய முதல் ஆளிடம் வந்து நிற்கும். அவருடைய தந்தை பெயர் வீட்டாருக்கும் நினைவில்லை, வந்த ஆண்டும் திட்டமாகத் தெரியாது என்றால், அதற்கும் கையேட்டில் விதி உண்டு: ஆண்டு இல்லாத இடத்தில் 'ஆ.இ.' என்று இடுக. ஆசிரியர் இல்லாத இடத்தில் தலைப்பை முன்னால் கொண்டுவருக. கப்பல் பேரேட்டில் அந்த ஆளுக்கு நேரே தலைப்பு என்று எதைக் கொள்வது என்பதைக் கையேடு விளக்கவில்லை.

தீர்வுகள் பல முயலப்பட்டுள்ளன. சிலர் ஏ/எல் குறியைத் தக்கவைத்துப் பெட்டியில் இட்டனர். பட்டியல் 'ஏ/எல்' என்ற பெருங்குடும்பத்தால் நிரம்பியது. சாய்கோடு இருந்தால் விண்டோஸ் கணினியில் கோப்புக்குப் பெயரிடவே முடியாது என்பதால் கைப்பிரதியைச் சேமிப்பதிலும் இடர் வந்தது. சிலர் இயற்பெயரையே இரு பெட்டியிலும் இட்டு 'காளியம்மாள், காளியம்மாள்' ஆயினர். இது யாரோ தொலைவிலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது. 2012இல் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் பதினாறு இலக்க எண் வழங்கும் ஆர்கிட் என்ற முறை வந்தபோது, பெயர் எப்படிச் சிதைந்தாலும் எண் சிதையாது என்று ஆறுதல் சொல்லப்பட்டது. செக்ரோலிலும் ஆளுக்கு எண் இருந்தது. அது பதினாறு இலக்கம் இல்லை, அவ்வளவே.

இவற்றுள் மிகச் சிக்கனமானது, பெட்டியில் ஒற்றைப் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது. நட்சத்திரம் அடங்கும், படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகும். இதைச் செய்த காளியம்மாளின் பதிவு புள்ளி, காற்புள்ளி, அதன்பின் பெயர் என்று வரும். குறியீட்டு எண் வரிசையில் முற்றுப்புள்ளி எழுத்துகளுக்கெல்லாம் முன்னால் நிற்பது. ஆகவே அவர், அகரத்தில் தொடங்கும் அருணாசலங்களையும் ஆறுமுகங்களையும் தாண்டி, தம் தகப்பனாருக்குப் பல வரிகள் மேலே, பட்டியலின் முதல் பதிவாக நிற்கிறார். தொங்கல் உள்தள்ளல் சரியாக அரை அங்குலம்.